யார் முறுக்கிய நட்டு?

(செம்பரம்பாக்கத்தில் வேன் உரிமையாளர்கள், ஓட்டுநர்கள், பட்டறைக்காரர்கள் கூடிய கூட்டத்தில் மோட்டார் விபத்து வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் செய்யத் தொடங்கியது. அதன் பிறகு ஒரகடத்துக்கு ரெனோ-நிஸான், பாரத்பென்ஸ் லாரி செய்யும் டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர்ஸ் என்று வரிசையாக வந்து சேர்ந்தார்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களின் வீடுகளில் யாராவது ஒருவர் ஏதோ ஒரு லைனில் நிற்கிறார். அவரைக் கேட்டுப் பாருங்கள். இன்றைய ஆலைகளில் சக்கர நட்டை முறுக்குகிற கருவி எவ்வளவு விசையில் நின்றது என்பதைக் கம்ப்யூட்டர் பதிந்துகொள்கிறது. விசை குறைந்தால் வண்டியை அடுத்த இடத்துக்கு விட மாட்டார்கள். பல வருடம் கழித்து அந்த நட்டைப் பற்றி ஒரு கேள்வி வந்தாலும், எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட் என்று தேடி எடுக்கலாம்.

அதே வண்டி ஆலை கேட்டைத் தாண்டி வெளியே வந்து, இரண்டு மூன்று வருடம் ஓடி, நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைக்கு வருகிறது. அங்கே ஒரு பையன் ஸ்பேனரின் கைப்பிடியில் பைப்பை மாட்டி, அதன்மேல் ஏறி மிதித்து அதே நட்டை முறுக்குகிறான். எவ்வளவு முறுக்கினோம் என்று அவனுக்கே தெரியாது. பில் கிடையாது, பேர் கிடையாது. சாயங்காலம் அந்த வண்டி இருபது பெண் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போகிறது.

இந்த இரண்டாவது நட்டுக்கு யார் பொறுப்பு? இன்று நான் பேச வந்தது அதைத்தான்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். ரிப்பேர் செய்யாமல் விட்டது ஒன்று, ரிப்பேர் செய்து கெடுத்தது இன்னொன்று. முதலாவதற்கு நம் பக்கத்திலேயே, மறக்க முடியாத வழக்கு இருக்கிறது. 2012 ஜூலை 25. தாம்பரத்தை அடுத்த முடிச்சூர். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனாள். அந்தப் பேருந்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஃப்.சி. கொடுத்திருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் யாரும் மனுப் போடாமல் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. சான்று கொடுத்த மோட்டார் வாகன ஆய்வாளர்மீதும் நடவடிக்கை பாய்ந்தது. அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாட்டில் சிறப்பு விதிகள் வந்தன. தரையில் ஓட்டை என்பது ஒளிந்திருக்கிற குறை இல்லை. உரிமையாளர், ஓட்டுநர், ஆய்வாளர் இவர்களில் யார் குனிந்து பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். அதனால் பொறுப்பு யாருக்கு என்பதில் சட்டத்துக்குப் பெரிய குழப்பம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 190ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. தெரிந்த குறையோடு, அல்லது சாதாரணக் கவனம் இருந்தால் தெரிந்திருக்கக்கூடிய குறையோடு வண்டியை ஓட்டினாலும் குற்றம், ஓட்டச் சொன்னாலும் குற்றம். அதனால் ஒருவர் காயம்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தொகை அற்பம்தான். அது வேறு கதை.

இரண்டாவதுதான் சிக்கல். உரிமையாளர் ஒழுங்காகப் பட்டறைக்கு அனுப்பினார், காசு கொடுத்தார், பிரேக் வேலை முடிந்தது என்றார்கள், எடுத்து ஓட்டினார். பிரேக் பிடிக்கவில்லை. குனிந்து பார்த்தாலும் அவருக்குத் தெரியாத குறை. இப்போது யார்?

1939இல் இங்கிலாந்தில் இதற்கு ஒரு தீர்ப்பு வந்தது. ஸ்டென்னெட் எதிர் ஹான்காக் என்று சட்டக் கல்லூரியில் படிப்போம். லாரியின் சக்கரத்தைப் பட்டறையில் கழற்றி மாட்டிக் கொடுத்தார்கள். வெளியே வந்த கொஞ்ச நேரத்திலேயே சக்கரத்தின் விளிம்பு வளையம் கழன்று, உருண்டு ஓடி, நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணின் காலில் மோதியது. அந்தப் பெண்ணுக்கும் பட்டறைக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. ஆனாலும் பட்டறைக்காரர் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். லாரிக்காரர் தப்பித்தார். வேலை தெரிந்தவரிடம் ஒப்படைத்தார், அதற்கு மேல் அவர் என்ன செய்வார் என்பது காரணம்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1968இல் நேர் எதிராகச் சொன்னது. மலோனி எதிர் ராத் வழக்கு. விபத்துக்கு மூன்று மாதம் முன்பு ஒரு மெக்கானிக் பிரேக்கைப் பிரித்து மாட்டியிருந்தார். ஹோஸ் சரியாகப் பொருத்தப்படாததால் உரசி உரசிக் கிழிந்தது. கார் வைத்திருந்த பெண்மணியின் தவறு எதுவுமே இல்லை என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. இருந்தும் பொறுப்பு அவருக்குத்தான் என்றார் தலைமை நீதிபதி டிரெய்னர். சாலையில் ஓடுகிற வண்டிக்குப் பிரேக் இருக்க வேண்டும் என்பது இன்னொருவர் தலையில் இறக்கி வைக்க முடியாத கடமை. அடிபட்டவருக்கு நீங்கள் கொடுத்துவிட்டு, மெக்கானிக்கிடம் போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றது தீர்ப்பு.

என்னைக் கேட்டால் கலிஃபோர்னியாக்காரர்கள் சொன்னதுதான் சரி. அடிபட்டுக் கிடக்கிறவர் பட்டறை பட்டறையாக அலைந்து குற்றவாளியைத் தேட முடியாது. வண்டியால் பிழைக்கிறவர் முதலில் கொடுக்கட்டும்.

நம் நாடு எங்கே நிற்கிறது? 1977இல் மினு மேத்தா வழக்கு. பம்பாய் லாரி ஒன்று மோதியது. போல்ட் உடைந்துவிட்டது, அது எங்களுக்குத் தெரிய வழியில்லை என்று வாதிட்டார்கள். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இயந்திரக் கோளாறு என்று சொல்கிற உரிமையாளர், தான் எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்ததையும், அப்படியும் அந்தக் குறை கண்ணில் படாமல் ஒளிந்திருந்ததையும் அவரேதான் நிரூபிக்க வேண்டும் என்றது. சும்மா "திடீர்னு பிரேக் ஃபெயிலியர் ஆயிடுச்சு" என்று சொல்லி யாரும் இறங்கிப் போக முடியாது. இந்த நிரூபணம் எவ்வளவு கடினம் என்பதற்கு 1969இல் லண்டனில் வந்த ஹெண்டர்சன் தீர்ப்பைப் பாருங்கள். லாரியின் பிரேக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது, அதுவும் குழாயை முழுதாகக் கழற்றினால் மட்டுமே தெரிகிற இடத்தில். வெளியே தெரிகிற பகுதியை ஒழுங்காகத்தான் பார்த்துவந்தோம் என்றார்கள் உரிமையாளர்கள். அது போதாது, இந்த லாரி இதுவரை என்ன சரக்கு ஏற்றியது, உப்புத் தண்ணீர் பட்டதா, ரசாயனம் பட்டதா, அதையும் சொல்லுங்கள் என்று கேட்டார்கள் பிரபுக்கள் சபை நீதிபதிகள். சொல்லத் தெரியவில்லை. தோற்றார்கள். இங்கிருந்து எண்ணூர் துறைமுகத்துக்குக் கார் ஏற்றிப் போய் உப்புக் காற்றில் காத்துக் கிடக்கிற டிரெய்லர்காரர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைப்பது நல்லது.

ஆக, அடிபட்டவருக்குப் பணம் வந்துவிடுகிறது. மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டுகிறது. அது நல்லதுதான். ஆனால் பட்டறையின் பெயர் வழக்குக் கட்டில் எங்குமே வராது. ஏன்?

ஒரு காரணம் சட்டத்தின் வாசகம். 168ஆவது பிரிவின்படி தீர்ப்பாயம் தொகையை விதிக்கும்போது காப்பீட்டாளர், உரிமையாளர், ஓட்டுநர் என்று மூன்று பேரைத்தான் சொல்கிறது. நான்காவது ஆள் இல்லை. ஆனால் கதவு முழுக்க மூடியும் இல்லை. கேரளத்தில் ஆளில்லா ரயில்வே கேட்டில் நடந்த விபத்தில், ரயில்வேயையும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் எதிராளியாகச் சேர்க்கலாம் என்று 1997இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015இல் கெனியே வழக்கில், பலர் சேர்ந்து செய்த தவறால் அடிபட்டவர் அவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் வாங்கலாம், பங்கு பிரிப்பதை அவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. ரயில்வே வரலாம் என்றால் பட்டறையும் வரலாம் என்பது என் வாதம். வாதாடிப் பார்க்க வேண்டிய இடம் அது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தாங்கள் கட்டிய பணத்தைப் பட்டறையிடம் திருப்பிக் கேட்டு நான் பார்த்ததே அரிது. கேட்பதற்கு ஆதாரம் வேண்டுமே.

அந்த ஆதாரம்தான் இரண்டாவது காரணம். உண்மையான காரணமும் அதுவே.

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். விதிமீறல் வாரியாக ஓர் அட்டவணை உண்டு: அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டுவது, எதிர்த்திசையில் வருவது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது, கைப்பேசி, மற்றவை. தப்பாக மாட்டிய பிரேக் எந்தக் கட்டத்தில் விழும்? எஃப்.ஐ.ஆரில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து" என்ற வரி ஸ்டேஷனில் எப்போதும் தயாராக இருக்கிறது. அப்புறம் மோட்டார் வாகன ஆய்வாளர் வருவார். 136ஆவது பிரிவின்படி ஆய்வு முடிந்து 24 மணி நேரத்துக்குள் வண்டியைத் திருப்பித் தர வேண்டும். அவருக்கு அன்றைக்கு இன்னும் நாலு வண்டி காத்திருக்கும். பிரேக் பெடலை மிதிப்பார், ஸ்டியரிங்கைத் திருப்புவார், நொறுங்கியதைக் குறித்துக்கொள்வார். கடைசி வரி: "இயந்திரக் கோளாறு காரணமாக விபத்து ஏற்படவில்லை." எத்தனையோ அறிக்கைகளில் இதே வரியைப் படித்திருக்கிறேன். அந்த வரி விழுந்துவிட்டால் பட்டறைக்கான பாதை அங்கேயே அடைபட்டுவிடும். எல்லாச் சுமையும் டிரைவர் தலையில்.

ஆனால் உடைந்த இரும்பு பொய் சொல்லாது. சக்கர ஸ்டட் ஒன்று உடைந்திருக்கிறது என்று வையுங்கள். மோதியதால் உடைந்ததா, உடைந்ததால் மோதியதா? உடைந்த முகத்தைப் பாருங்கள். மோதலில் ஒரே அடியில் முறிந்திருந்தால் முகம் முழுக்கச் சொரசொரப்பாக இருக்கும். நட்டு தளர்வாக இருந்து, சக்கரம் ஆடி ஆடி, நாள்பட்ட விரிசலால் உடைந்திருந்தால், முகத்தில் ஒரு பகுதி வழவழப்பாக, வளைவு வளைவாகக் கோடுகளோடு இருக்கும். ஒவ்வொரு கோடும் விரிசல் கொஞ்சம் முன்னேறி நின்ற இடம். கடைசியில் மிச்சமிருந்த சிறு பகுதி மட்டும் சொரசொரப்பாக முறிந்திருக்கும். உலோகவியல் படித்தவர் பூதக்கண்ணாடியிலேயே இதைச் சொல்லிவிடுவார். பிரேக் விஷயமும் அப்படித்தான். பிரேக் ஆயிலுக்குப் பதில் வேறு எண்ணெய் ஊற்றியிருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் உப்பிப் போயிருக்கும். அது மோதலில் வந்த சேதம் என்று யாரும் சொல்ல முடியாது. டை ராட் எண்டில் காட்டர் பின் போட மறந்திருந்தால், நட்டு கழன்று போன மரைகள் நசுங்காமல் முழுசாக இருக்கும்.

இந்தச் சாட்சிகள் எல்லாம் எங்கே போகின்றன? விபத்தான வண்டியை ஸ்டேஷன் வாசலிலிருந்து மீட்ட மறுநாளே உரிமையாளர் அதை ரிப்பேருக்கு விடுகிறார். பல சமயம் அதே பட்டறைக்கு! பழைய பாகம் எடைக்குப் போய்விடுகிறது. அதனால் என் கட்சிக்காரர்களிடம் நான் முதலில் சொல்வது வக்கீல் ஃபீஸைப் பற்றி இல்லை. உடைந்ததைத் தொடாதே, போட்டோ எடு, பிரிப்பதற்கு முன் பட்டறைக்கும் இன்ஷூரன்ஸுக்கும் எழுதித் தெரிவி, பாகத்தைப் பையில் போட்டுக் கட்டி வை.

பட்டறைமீது நேராகப் போக 2020 ஜூலை 20 முதல் ஒரு புதுப் பாதை இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயம். அதன் 85ஆவது பிரிவு, ஒரு பொருளுக்குச் சேவை செய்கிறவரைத் தனியாகப் பிடிக்கிறது. வேலை அரைகுறையாக இருந்தாலும் பொறுப்பு, கவனக்குறைவாக இருந்தாலும் பொறுப்பு, தெரிந்த விஷயத்தை மறைத்தாலும், எச்சரிக்க வேண்டியதை எச்சரிக்காமல் விட்டாலும் பொறுப்பு. பிரேக் லைனிங் மாற்றியவர், "டிரம் வாய் விரிந்துவிட்டது, இன்னும் ஓட்டாதீங்க" என்று சொல்லாமல் விட்டால் அதுவும் இதில் வரும். நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள். நிபுணர் மொழியில் பேசி நுகர்வோரை மிரட்டுவது இங்கே எடுபடாது. ஏர்பேக் விரியாத ஒரு கார் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம், கார் வாங்குகிறவர் வேகம், விசை பற்றிய கோட்பாடுகளில் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று ஹூண்டாய் கம்பெனியிடமே சொன்னது.

ஆனால் இந்தப் பாதை நுகர்வோருக்கு மட்டும். காசு கொடுத்துச் சேவை வாங்கியவர், அல்லது அவர் சம்மதத்தோடு அதைப் பயன்படுத்தியவர். சைக்கிளில் போனவர்மீது சக்கரம் கழன்று வந்து மோதினால் அவர் நுகர்வோரா? ஸ்டென்னெட் வழக்கின் அந்தப் பெண்மணி இன்று செம்பரம்பாக்கத்தில் நடந்து போயிருந்தால், நுகர்வோர் ஆணையத்தின் வாசலிலேயே அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். பல வண்டி வைத்து நடத்துகிற முதலாளிக்கும் அதே சிக்கல். வணிக நோக்கம் என்று வெளியே அனுப்பிவிடலாம். ஒற்றை வேன் ஓட்டிப் பிழைக்கிறவருக்கு மட்டும் சுயதொழில் என்று விலக்கு உண்டு.

குற்ற வழக்கு பற்றிக் கேட்பீர்கள். பாரதிய நியாய சன்ஹிதா 106(1)இன்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து வருடம் வரை சிறை. மெக்கானிக்கையும் அது தொடும். ஆனால் 1965இல் குர்பான் ஹுசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு இன்னும் அழியவில்லை. தவறுக்கும் மரணத்துக்கும் நடுவில் இன்னொருவரின் கவனக்குறைவு புகுந்துவிடாமல், அந்தத் தவறே நேரடிக் காரணமாக இருக்க வேண்டும். பெடல் உள்ளே இறங்குகிறது என்று தெரிந்தும் டிரைவர் ஓட்டியிருந்தால் மெக்கானிக் பெரும்பாலும் வெளியே வந்துவிடுவார். ஜெயிலை நினைத்து யாரும் ஆறுதல் அடைய வேண்டாம்.

டிரையல் பார்க்கிற பழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பட்டறைப் பையன் சர்வீஸ் ரோட்டில் வண்டியை எடுத்துப் பார்க்கிறான், யாரையோ இடித்துவிடுகிறான். கோவாவிலிருந்து போன ஒரு வழக்கில் 1988இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: ரிப்பேருக்கு விடும்போதே அந்த வேலைக்காக வண்டியைப் பயன்படுத்த நீங்கள் அனுமதித்ததாகத்தான் பொருள், எனவே இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டும். ஆனால் அந்தப் பையனுக்கு லைசென்ஸ் இல்லையென்றால், கட்டிய பணத்தை உங்களிடமே திருப்பிக் கேட்க வழி இருக்கிறது. சாவியைக் கொடுக்கும்போது யார் எடுப்பார்கள் என்று கேளுங்கள்.

பட்டறைக்காரர்கள் முகம் வாடுவது தெரிகிறது. உங்கள் பக்கமும் எனக்குத் தெரியும். உங்களிடம் நடக்கிற பேச்சு எப்படி இருக்கும்?

"அண்ணே, லைனிங் முழுசாத் தேஞ்சுபோச்சு. டிரம்மும் மாத்தணும்."

"இந்த மாசம் ட்யூ கட்டணும்ப்பா. எதையாவது பண்ணி ஓட்டு, எஃப்.சி. அப்ப பாத்துக்கலாம்."

"ரிஸ்க்குண்ணே."

"நான் பாத்துக்கறேன். பில்லெல்லாம் போடாத, ஜி.எஸ்.டி. வேற."

இதில் குற்றம் யாருடையது? பெரும்பங்கு அண்ணனுடையது. ஆனால் நாளைக்கு விபத்தானால் அண்ணன் சொல்லப்போவது, "பட்டறையில விட்டேன் சார், பிரேக் வேலை பாத்தாங்க" என்பதுதான். எச்சரித்த உங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. பில் இல்லாதது அண்ணனுக்கு மட்டும் பாதகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜாப் கார்டில் "டிரம் மாற்றச் சொன்னோம், உரிமையாளர் மறுத்தார்" என்று ஒரு வரி எழுதி, கிலோமீட்டரைக் குறித்து, கையெழுத்து வாங்கியிருந்தால், அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும். ஜாப் கார்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் "கம்பெனி பொறுப்பல்ல" என்று அச்சடிப்பது காப்பாற்றாது. சாலையில் நடந்து போனவர் அந்தக் கார்டில் கையெழுத்துப் போடவில்லையே.

2019 திருத்தத்தில் சாலை போடுகிற ஒப்பந்தக்காரரைப் பிடிக்க 198ஏ பிரிவு வந்தது. தரமில்லாத பாதுகாப்பு உதிரிபாகம் விற்பவரைப் பிடிக்க 182ஏ வந்தது, ஒரு பாகத்துக்கு ஒரு லட்சம் அபராதம். கேடான வண்டியைத் திரும்ப அழைக்கத் தயாரிப்பாளருக்கு உத்தரவிட 110ஏ வந்தது. பட்டறை மட்டும் விட்டுப்போயிற்று. வண்டி ஓட்ட லைசென்ஸ் வேண்டும், நடத்துநராக லைசென்ஸ் வேண்டும், பிரேக்கைப் பிரிக்க இந்தச் சட்டம் எந்த லைசென்ஸும் கேட்பதில்லை. அதற்காக எல்லாப் பட்டறைக்கும் லைசென்ஸ் கொண்டு வா என்று நான் கேட்கப் போவதில்லை. கொண்டுவந்தால் சின்னப் பட்டறைகள் மூடப்படும், சான்றிதழ் விற்கிற புரோக்கர்கள் பெருகுவார்கள். நான் கேட்பது இவ்வளவுதான்: பிரேக், ஸ்டியரிங், சக்கரம், இந்த மூன்றில் கை வைத்தால் யார் வேலை பார்த்தார், என்ன பாகம் போட்டார் என்று எழுதிய ஜாப் கார்டு கட்டாயம். பழைய பாகம் உரிமையாளர் கைக்கு. 168ஆவது பிரிவில் நான்காவது ஆளாக ரிப்பேர் செய்தவர். பட்டறைக்குச் சிறு தொகையில் பொறுப்புக் காப்பீடு, இல்லாவிட்டால் வழக்கில் ஜெயித்தும் வாங்க எதுவும் இருக்காது.

சட்டம் திருந்த வருடங்கள் ஆகும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒருவர் இந்தப் பகுதியில் இருக்கிறார்: பேருந்துகளையும் வேன்களையும் ஒப்பந்தத்துக்கு எடுக்கிற ஆலை. ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழகம் வாடகைக்கு எடுத்து ஓட்டிய ஒரு பேருந்து வழக்கில், ஓட்டத்தின் கட்டுப்பாடு யார் கையில் இருந்ததோ அவரும் உரிமையாளருக்குச் சமம் என்று 1997இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எந்த ஸ்டாப், எத்தனை மணி, எந்த ரூட் என்று அத்தனையையும் முடிவு செய்கிற ஒரு ஆலைமீதும் அந்த வாதத்தை வைக்க முடியும், நான் வைப்பேன். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அவர்கள் இப்போது பர்மிட், எஃப்.சி., இன்ஷூரன்ஸ் நகல்களை வாங்குகிறார்கள். அடுத்த முறை போகும்போது வேன் உரிமையாளர்கள் நீங்களே கடைசி பிரேக் வேலையின் ஜாப் கார்டையும் சேர்த்து நீட்டுங்கள். இன்னொருத்தர் குறைந்த ரேட்டுக்கு வருகிறார் என்று பேரம் பேசினால், அவருடைய ஜாப் கார்டையும் கேளுங்கள் என்று சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விகள்.